கையைக் காட்டு

புத்தக ஆசையால் நான் நூலக வேலைக்குப் போகவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன், முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்கச் சகிக்காமல் அப்பா ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "அடுத்த வருஷம் வரைக்கும் இதுல இரு லா," என்றார். சிங்கப்பூரில் அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கடைவீட்டின் மாடியில் இருந்தது எங்கள் சிறிய கிளை. கீழே மளிகை மொத்த வியாபாரம். மிளகாய் மூட்டை இறங்கும் நாட்களில் மாடியில் எல்லோரும் தும்மிக்கொண்டே படிப்பார்கள். மூன்று மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடுவோம். வேலைக்கு மூன்று பேர். இரவல் கொடுக்கும் புத்தகங்களில் தேதி முத்திரை குத்துவது என் வேலை. கிளையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர் நாகூர்ப் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே வந்துவிட்ட ஒரு முஸ்லிம் கிளார்க். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவோம். கூட்டிப் பெருக்கி, அலமாரிகளை அடுக்கி, கதவைத் திறந்து மூடுகிறவர் ஒரு மலாய்க்காரர். அவர் எனக்குப் பாச்சிக், அதாவது மாமா.

நானா தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். கஞ்சி போட்டுத் தேய்த்து, மடிப்புக் கலையாத சட்டை. மூன்று மணிக்குக் கதவருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பெரியவர்களுக்கு வணக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டே வார்த்தைதான்.

"கையைக் காட்டு."

பிள்ளைகள் இரண்டு கைகளையும் நீட்டுவார்கள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். அழுக்கிருந்தால் கீழே போய்க் குழாயில் கழுவிவிட்டு வர வேண்டும். கழுவிவிட்டு வருகிற பாதிப் பேர் ஈரக்கையோடு வருவார்கள், அதற்கும் திருப்பி அனுப்புவார். சிலர் திரும்பி வருவதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது என்று இன்றைக்குச் சொல்லலாம். உண்மையில் வருத்தம் இல்லை. கூட்டம் குறைந்தால் முத்திரை குத்தும் வேலையும் குறையும் என்று நினைத்தேன்.

நானாவின் கண்டிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு வேறொரு கிளையில் அவர் இருந்தபோது, பிள்ளைகள் புத்தகங்களைக் கிழித்துவிட்டார்கள் என்று மேலதிகாரி ஒருவர் அவருடைய கோப்பில் ஒரு கடிதம் சேர்த்துவிட்டாராம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பதவி உயர்வும் அவரைத் தாண்டிப் போனது. "ஒரு பக்கம் கிழிஞ்சாலும் கிழியறது என் பேருதான் தங்கச்சி," என்று அடிக்கடி சொல்வார். அவர் படிக்காத புத்தகமே அங்கே இல்லை. ஆனால் எந்தப் பிள்ளையிடமும் இதைப் படி என்று ஒரு புத்தகத்தை அவர் எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் முதலில் வந்தது ஒரு திங்கட்கிழமை. பத்து, பதினொரு வயது இருக்கும். எண்ணெய் தடவிய இரட்டைப் பின்னல், துவைத்து வெளுத்த கவுன். நானா கேட்டதும் கைகளை நீட்டினாள். விரல் நுனியிலிருந்து உள்ளங்கை பாதி வரைக்கும் நீலமும் கறுப்புமாக இருந்தது.

"போய்க் கழுவிட்டு வா."

"கழுவிட்டுத்தான் வந்தேன்."

"இதுவா கழுவின கை? போ, போ."

அவள் கீழே போய்க் கழுவிவிட்டு வந்தாள். கை அப்படியேதான் இருந்தது. மறுபடியும் போனாள். மூன்றாம் முறை மண்ணைப் போட்டுத் தேய்த்திருப்பாள் போல, தோல் சிவந்திருந்தது, கறுப்பு மட்டும் போகவில்லை. நானா முடியாது என்று தலையை ஆட்டினார். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. படி இறங்கிப் போய்விட்டாள். நான் முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். அடுத்து நின்ற பையனின் புத்தகத்தில் தேதி குத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உறுப்பினர் அட்டையோடு வந்தாள். பளிச்சென்று சுத்தமான கைகள். அவள் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தது பெரிய பிள்ளைகள் படிக்கிற, படமே இல்லாத கதைப் புத்தகம். முதல் இரண்டு மூன்று தடவை ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தேன். அடுத்த தடவை எனக்கே பொறுக்கவில்லை.

"இது உனக்குப் பெரிசு பாப்பா. உனக்கு எழுத்தே இப்பதானே சொல்லிக் கொடுத்திருப்பாங்க? இந்தப் படப் புத்தகம் எடுத்துக்க. யானையெல்லாம் இருக்கு."

"எனக்கு அதுதான் வேணும்."

"அதைப் படிக்கிறவங்க வேற யாராச்சும் கேப்பாங்க. இதை எடுத்துக்க."

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு யானைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். சரியான வாசகருக்குச் சரியான புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்தப் பெண் முதலில் வருவதற்குச் சில நாள் முன்புதான் கிளைகளை மேற்பார்வை பார்க்க ஒரு புது அதிகாரி வந்திருந்தார். சீனப் பெண்மணி, முப்பது வயதுக்குள் இருக்கும், வெளிநாட்டில் நூலகப் படிப்பு முடித்துவிட்டு வந்தவர். முதல் நாளே எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கொடுத்தார். பாச்சிக்குக்கும் கொடுத்தார். அதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று அவர் சொன்னது இதுதான்: "எத்தனை பேர் வந்தார்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. அது எனக்கு வேண்டாம். இன்றைக்கு யாருக்கு இல்லை என்று சொன்னோம்? அதை மட்டும் எழுதி வையுங்கள். எந்த மொழியானாலும் சரி."

அவர் போனதும் நானா நோட்டைத் தூக்கி மேசை இழுப்பறையில் போட்டார். "இருபது வருஷமா வேலை செய்யிறேன், இப்ப எனக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாங்க." தினமும் அதை எடுத்துத் தேதி போட்டு, அழகான கையெழுத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு மூடுவார். நான் என்னமோ எழுதினேன். விமானம் பற்றிக் கேட்டான், இல்லை. கணக்குப் புத்தகம் கேட்டாள், இல்லை. பாச்சிக் என்ன எழுதினார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் கதவோரம் குந்தியிருந்து, பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவி முறையில் வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதற்கடுத்த மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் எங்களை வரச் சொன்னார் அதிகாரி. பிள்ளைகளின் குட்டை மேசையைச் சுற்றி, முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம். என் நோட்டைப் படித்துச் சில புத்தகங்களின் பெயரைக் குறித்துக்கொண்டார். நானாவின் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் 'ஒன்றுமில்லை.' அவர் முகத்தில் கோபம் இல்லை. மூடி வைத்துவிட்டுப் பாச்சிக்கைப் பார்த்தார். பாச்சிக் கூச்சத்தோடு தன் நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரிக்கு ஜாவி தெரியாது.

"இதை யாராவது படிக்க முடியுமா?"

"நான் படிக்கிறேன்," என்றார் நானா. குர்ஆன் ஓதப் படித்தவர், மலாயும் நன்றாகத் தெரியும். எங்களில் வேறு யாருக்கும் முடியாத ஒன்று தனக்கு முடியும் என்பதில் அவருக்குச் சந்தோஷம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மலாயில் ஒரு வரி படிப்பதும் அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்வதுமாக ஆரம்பித்தார்.

ஒருவர் ஜொகூர் வரைபடம் கேட்டார், இல்லை. ஒரு கிழவர் மின்விசிறிக்குக் கீழே தூங்க இடம் கேட்டார், எழுப்பி அனுப்பினோம். அதிகாரி சிரித்தார். நானாவும் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார்.

"ஒரு பெண்பிள்ளை வந்தது. கை கறுப்பு. மூன்று தடவை கழுவியது. உள்ளே விடவில்லை."

குரல் கொஞ்சம் இறங்கியது. அடுத்த வரிக்குப் போனார்.

"கை கறுப்புப் பிள்ளை இன்றும் வந்தது. மேலே ஏறவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, புத்தகத்தோடு இறங்கி வருகிற பிள்ளைகளின் கையில் அட்டைப் படத்தைப் பார்த்தது."

"அதன் தங்கை பெரிய புத்தகம் வாங்கிக்கொண்டு இறங்கியது. படிக்கட்டில் இருவரும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள்."

"இன்று தங்கைக்குப் பெரிய புத்தகம் கொடுக்கவில்லை. சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். அக்காள் அதைப் பார்த்தாள். தங்கை அழுதது. அக்காள் அதன் தலையைத் தடவிக்கொடுத்துக் கூட்டிப் போனாள்."

அந்தச் சின்னப் புத்தகத்தைக் கொடுத்தவள் நான்தான். நானா நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம், அதிகாரிக்குப் படிக்கத் தெரியாதே, வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒரு சொல்லையும் விடாமல் கடைசிவரை படித்தார். விடவில்லை, கொடுக்கவில்லை என்று நோட்டு யாரைச் சொல்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பாச்சிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எழுத்தில் யார் மேலும் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. நடந்ததை எழுதச் சொன்னார்கள், எழுதியிருந்தார்.

அதிகாரி நோட்டை வாங்கி மூடி வைத்தார். "அந்தப் பிள்ளையின் வீடு எங்கே என்று தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தங்கச்சிப் பிள்ளையின் அட்டையில் விலாசம் இருக்கும்," என்றார் நானா. "நான் போறேன்." பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "தங்கச்சி, நீயும் வா. பொம்பளப் பிள்ளை வீடு," என்றார்.

அன்று மதியமே போனோம். நான் கொடுக்க மறுத்த அந்தப் பெரிய புத்தகத்தை நானா கக்கத்தில் வைத்திருந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு சந்து. உள்ளே நுழைந்ததும் சோப்பு நுரையின் வாடையும் கரி அடுப்பின் சூடும் முகத்தில் அடித்தன. கொடிகளில் வரிசை வரிசையாக வெள்ளைத் துணி. சலவைக்காரர் வீடு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண் ஒவ்வொரு சட்டையாக எடுத்து, காலரின் உட்புறத்தில் குச்சியால் மை தொட்டுக் குறி போட்டுக்கொண்டிருந்தாள். எது யார் வீட்டுத் துணி என்று தெரிவதற்காகப் போடுகிற குறி. எங்களைக் கண்டதும் எழுந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இஸ்திரி மேசையிலிருந்து அவள் அம்மா ஓடி வந்தார். "ஏதாச்சும் தப்புப் பண்ணிடுச்சா? புத்தகத்தைக் கிழிச்சிடுச்சா?"

"இல்லம்மா. சும்மா வந்தோம்," என்றேன்.

நானா புத்தகத்தைப் பெண்ணிடம் நீட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. கண்ணால் தங்கையைக் காட்டினாள். சின்னவள் வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அது படிக்குமா?" என்றார் நானா.

"நான் திருப்புவேன், அக்கா படிக்கும்," என்றாள் சின்னவள். "சத்தமாப் படிச்சாத்தான் திருப்புவேன். மனசுக்குள்ள படிச்சா திருப்ப மாட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தினமும் இதே கூத்துதாங்க. இவ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா, அவ திருப்புவா. புத்தகத்துல மை படக்கூடாதாம். லைப்ரரியில சேர்க்க மாட்டாங்களாம்."

"மை பட்டுடுமேன்னுதான்..." என்று இழுத்தார் நானா.

அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாக அவரிடம் பேசினாள். "இது படாது. காஞ்சிட்டா ஒட்டாது. கொதிக்கிற தண்ணியில போட்டாலும் ஓடாது. ஓடினா உங்க சட்டை எல்லாம் என்னாகும்?"

"என் சட்டையா?"

"உங்க சட்டை இங்கதான் வருது. மூணு புள்ளி, ஒரு கோடு. நான்தான் போடுறேன்."

நானா சட்டைக்குப் பின்னால் கையை விட்டுக் காலரை மடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. எத்தனையோ வெள்ளாவி கண்ட சட்டை, குறியைச் சுற்றிக் கடுகளவு கறைகூடப் பரவவில்லை. துணிகளை அவர் வீட்டிலிருந்து யாரோ எடுத்துப் போய் யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எங்கே வெளுக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை.

"தெரிஞ்சும் ஏன்மா சொல்லல?"

"நீங்க கேக்கலயே. கையைக் காட்டுன்னுதானே சொன்னீங்க."

நானா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாளைக்கு நீயே வா," என்றார். திரும்பி வரும் வழியில் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். எங்கள் படிக்கட்டின் அடியில் நின்று, "அஞ்சு நிமிஷம் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றார். அது எனக்குச் சொன்னதா தனக்குச் சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. எனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய புத்தகம் எதற்கு என்று அந்தக் குழந்தையிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே.

இதற்குப் பிறகு நானா ஒரே நாளில் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். சத்தம் போடுவதை அவர் விடவில்லை. ஆனால் அடுத்த தடவை அதிகாரி வந்தபோது, கையைப் பார்க்கும் பழைய விதியை என்ன செய்யலாம் என்று நானாவிடமே கேட்டார். "நீங்கள் எழுதிக் கொடுங்கள். நான் மேலே அனுப்புகிறேன்," என்றார். நானா மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். அழித்தார், மறுபடியும் எழுதினார். என்னிடம் படித்துக் காட்டினார். பாச்சிக்கிடமும் மலாயில் சொல்லிக் கேட்டார். இத்தனை வருட வேலையில் ஒருவரும் தன்னை எதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னதில்லை என்று அப்போதுதான் சொன்னார். மாடியிலேயே ஒரு வாளித் தண்ணீரும் துடைக்கத் துண்டும் வைக்க வேண்டும், கைக்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மேலே என்ன முடிவெடுத்தார்களோ தெரியாது, பதில் வரவே இல்லை. வாளியைப் பாச்சிக் மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டார். நானாவின் நோட்டிலும் 'ஒன்றுமில்லை' நின்றுபோனது. பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தார். பிள்ளைகள் கேட்டு இல்லாமல் போன புத்தகங்களைத் தேடி, வேலைக்கு வரும் முன்பே சிராங்கூன் ரோட்டுப் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினார்.

சனிக்கிழமை மட்டும் காலையிலும் திறந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்ல முடிவாயிற்று, அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கியவள். அதே மேடைத் தமிழில் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். முதல் வாரம் பதினைந்து பிள்ளைகள். இரண்டாம் வாரம் எட்டு. மூன்றாம் வாரம் ஒரு பையன் கை தூக்கி, "அக்கா, முடிஞ்சிடுச்சா?" என்றான். நான் கதையின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அழுகை வந்துவிட்டது. புத்தகத்தைப் பக்கத்திலிருந்த அந்தச் சலவைக்காரர் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறமாதிரி எழுந்து போனேன்.

அவள் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். புத்தகத்தில் இருந்த வரியைத் தொட்டுக்கொண்டே நடுநடுவில் தன் பேச்சில் இறங்கினாள். "ராஜாவுக்குக் கோபம் வந்துச்சு. எப்படி? நம்ம கீழ்க்கடை முதலாளிக்கு வருமே, அந்தமாதிரி." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறு வயதுத் தங்கை தூங்கிவிடாமல், பக்கத்தைத் திருப்ப மறுக்காமல் இருக்க வேண்டுமே என்று எத்தனை நாள் படித்த பழக்கம் அது! தங்கை அன்றும் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், இப்போது அதற்குத் தேவையே இல்லாவிட்டாலும். சனிக்கிழமைக் கதை அன்றோடு அவளுடையதாகிவிட்டது. எனக்கு முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு நானும் பாயில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கக் கேட்டார்கள், மலாய்ப் பையன் ஒருவன் தன் மொழிப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாததை, அவர்கள் கையில் கொடுத்ததும் அவர்களே நடத்திக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. போகவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் போனேன். ஆசிரியையாகவே இருந்து ஓய்வும் பெற்றேன். கையெழுத்து ஏன் கோணல் என்று ஒரு பிள்ளையைக் கேட்கும் முன்பு, வீட்டில் எந்த வேலை செய்துவிட்டு வருகிறாய் என்று கேட்கிற பழக்கம் மட்டும் கடைசிவரை இருந்தது.

நான் வேலையை விடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு சலவைக்காரர் குடும்பத்துக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. சந்து வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றார்கள். அவள் வந்து தன் அட்டையையும் தங்கையின் அட்டையையும் மேசையில் வைத்தாள். "அங்கேருந்து பஸ்ல வர அம்மா விட மாட்டாங்க அக்கா. ரெண்டு பஸ் மாறணும்," என்றாள். நடமாடும் நூலக வண்டி அந்தப் பக்கம் போகுமா என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். விசாரித்தேன், அப்போதைக்கு இல்லை என்றார்கள். அதைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. அவள் அதன்பிறகு எங்கே படித்தாள், என்ன ஆனாள், எனக்குத் தெரியாது. ஊர் அப்படித்தான் அப்போது ஒவ்வொரு குடும்பமாக இடம் மாறிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அவள் வர மாட்டாள் என்று சொன்னேன். படிக்கக் கேட்டு வந்த மற்ற இரண்டு பிள்ளைகளும் அன்று வரவில்லை. நானே எழுந்து படிக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது நானா தொண்டையைச் செருமினார். கதவருகே இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பாய்க்கு முன்னால் போட்டார். கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சரிப்படாது என்று நாற்காலியை ஒதுக்கித் தள்ளி, கஞ்சி மடிப்புக் கலையப் பாயிலேயே சம்மணம் போட்டார்.

"எங்கே விட்டாங்க?" என்று கேட்டார்.

ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். அவருடைய நாகூர்ப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது, ஒருவன் அதேமாதிரி சொல்லிக் காட்டினான். நானா முறைத்தார். பிறகு படித்தார், நிறுத்தி நிறுத்தி, ராஜா வருகிற இடத்தில் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு. பாச்சிக் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மொழி புரியாவிட்டாலும் வாசலில் நின்று கேட்டார். அவசரத்தில் நானா இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட பக்கத்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் படித்தார்.